வண்டிக்கு மூக்குத்துண்டு

மே 19, திங்கள்

இதை வாசிக்கப்போகிறவர் எவராக இருந்தாலும் சரி, வலது கையை நெஞ்சில் வைத்து ஓர் உறுதி தருகிறேன். இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் எழுதும்போதே என் மனைவி லோகாம்பாள் நம்பவில்லை. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று டிக்கெட் கிழித்த கை இது. "உள்ளே இடமிருக்குது, ஏறுங்க" என்று நான் சொன்னதைக் கூட அந்தக் காலத்தில் ஒருவரும் நம்பியதில்லை. ஆனாலும் ஏறினார்கள். நீங்களும் ஏறுங்கள்.

கதை ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றியது. அது என் தங்கை துளசிமணியின் வீட்டுக்காரர் திருமூர்த்தியுடையது. மாப்பிள்ளை போன ஆடியில் போய்விட்டார். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர், அவ்வளவுதான். அன்றிலிருந்து வண்டி மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

துளசி தேங்காய் நார் மில் பெண்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள். அவள் சமைப்பாள், அவர் கொண்டுபோவார். அவர் போனபின் ஓர் ஆட்டோ கொண்டுபோகிறது. அந்த ஆட்டோ போகிற வழியில் தீவனம் ஏற்றி, கல்யாண வீட்டுச் சேர் இறக்கி, மில்லுக்குப் போய்ச் சேரும்போது சாம்பாரில் ஆடை கட்டியிருக்கும். இன்று மில் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து பன்னிரண்டரை மணியடிக்கும்போது சோறு சூடாக வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் மெயின் ரோட்டு ஹோட்டலில் பார்சல் சொல்லிவிடுவார்களாம்.

சாயங்காலம் துளசி வந்தாள்.

"அண்ணா, அவரு வண்டியக் கொஞ்சம் பாத்துக் குடுக்கறீங்ளா? நானே கொண்டுபோறேனுங்."

ஆடியிலிருந்து அவள் பேசியதில் இதுதான் மிக நீளமான வாக்கியம். எதைச் சொன்னாலும் "சரிங்ணா" என்று முடித்துக்கொள்கிறவள்.

"ஸ்கூட்டி வாங்கிக்கலாமே புள்ள," என்றாள் லோகாம்பாள்.

"மில்லு ரோட்டுல நார்த்தூளு கணுக்கால் அளவுக்குக் கெடக்குதுங்ணி. சின்னச் சக்கரம் பொதைஞ்சு போயிரும். அவரு வண்டில அண்டா வெக்கக் கேரியர் அடிச்சிருக்குது."

நான் சரியென்றேன். அந்த வண்டியைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற குரலில் சொன்னேன்.

மே 20, செவ்வாய்

தார்ப்பாயை விலக்கினேன். அதிலிருந்து கிளம்பிய தூசியில் பொள்ளாச்சி முழுக்க இருட்டிவிட்டது. கோயமுத்தூர் வரைக்கும் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போனதாகக் கேள்வி.

கிக்கரை உதைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி உதைத்தேன். நானூறு தடவை உதைத்திருப்பேன்.

"மச்சா, எருமை உங்களப் பாத்துச் சிரிக்குது," என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் அண்ணன் ராக்கியப்பன். கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வண்டி சரியானதும் எருமை அழுவும்."

"சரியாகி என்ன பண்ண? எந்தம்பி வண்டி. ஊட்டுப் பொம்பள அதுமேல அண்டா வெச்சுட்டு ரோட்டுல போனா, என்னைய நாலு பேரு கேக்கமாட்டானா?"

"நாலு பேருதான கேப்பான். நாலு பதில் தயார் பண்ணுங்."

அவர் சிரிக்கவில்லை. வண்டியின் பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். பிறகு போனார்.

மே 22, வியாழன்

கால் வீக்கம். கிக்கர் திருப்பி உதைத்துவிட்டது. ஊரில் காளை முட்டியதாகச் சொல்லியிருக்கிறேன்.

மே 23, வெள்ளி

பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். உதைத்தால் வண்டி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அடங்கியது. துளசி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூச்சு வாங்க முடியாமத் தெணறுதுங்ணா. ஏர் பில்டரக் கழட்டிப் பாருங்."

அதைத்தான் நான் அடுத்துச் சொல்லவிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். சீட்டுக்குக் கீழே, பக்க மூடிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் விசிறி மாதிரி மடித்த காகிதச் சல்லடை. வண்டி இழுக்கிற காற்றெல்லாம் அந்தச் சல்லடை வழியாகத்தான் இஞ்சினுக்குப் போகும். நம் மூக்குக்குள் இருக்கும் முடி செய்கிற வேலையை அது செய்கிறது.

உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"சூடு ஆறட்டுங்ணா. சைலன்சர் பக்கத்துல கை போகும்."

"ஸ்டார்ட்டே ஆகாத வண்டி எப்படி அம்மிணி சூடாகும்? சூடானது நாந்தான்."

"அப்ப நீங்க ஆறுங்," என்று ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

பக்க மூடி வந்தது. பெட்டியின் மூடியை நான்கு ஸ்குரூ பிடித்திருந்தது. முதல் ஸ்குரூ கையிலிருந்து துள்ளி மாட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. எருமை அதை விழுங்கிவிட்டது. இனி பால் கறக்கும்போதெல்லாம் பாத்திரத்தில் டிங் என்று கேட்கும். மீதி ஸ்குரூக்களைத் துளசி என் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். 

மூடியைத் திறந்தேன். உள்ளே ஓர் எலி சமஸ்தானம். நாரால் மெத்தை, கடலைத் தோலால் தளவரிசை, துளசியின் மகள் பூரணியின் பழைய ரிப்பன் ஒன்று திரைச்சீலையாகத் தொங்கியது. மந்திரி எலி ஒன்று என்னைப் பார்த்து, முன்னறிவிப்பில்லாமல் வந்ததற்கு விளக்கம் கேட்டது. நான் பதில் சொல்லுமுன் சபை கலைந்து ஓடிவிட்டது. வீரம் வந்து, உள்ளே ஒரே ஊதாக ஊதினேன்.

"ஊதாதீங்," என்றாள் துளசி. அதற்குள் ஒரு வருடத் தூசியும் என் முகத்தில்தான் இருந்தது.

"மொதல்ல அந்தத் தொளைய மூடுங்ணா. அது நேரா இஞ்சினுக்குப் போற வழி. ஒரு பொட்டு மண்ணு உள்ள உழுந்தா அப்பறம் இஞ்சினத்தான் பிரிக்கோணும்."

துவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் துளையில் அடைத்துவிட்டு, கூட்டை வாரி, பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்தேன். பிறகு துண்டை எடுத்தேன்.

"எடுத்துட்டீங்ளா?"

"எடுத்துட்டேன்."

"காட்டுங்."

காட்டினேன். டிக்கெட் பரிசோதகர் கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

சல்லடையை எலி பாதி தின்றிருந்தது. துளசி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமையானா இதைக் கழட்டி அம்மிக்கல்லு மேல மெல்லத் தட்டுவாருங். தண்ணி படக்கூடாது, பெட்ரோலு படக்கூடாதும்பாரு. நான் ஸ்குரூவ முடிஞ்சு வெச்சுக்குவேன்."

அதற்குப் பிறகு அவள் உள்ளே போய்விட்டாள். நான் கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எலிகள் திரும்பி வந்துவிடக்கூடாதல்லவா. காவலுக்கு ஓர் ஆள் வேண்டும்.

மே 24, சனி

பொள்ளாச்சிக்குப் போய்ப் புதுச் சல்லடை வாங்கி வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கேக்கா என்று கேட்டார். ஆமாம், சர்க்கரை இல்லாதது என்றேன்.

மே 25, ஞாயிறு

மாட்டினேன். மடிப்பு நேராக உட்கார்ந்ததா, ஓரத்து ரப்பர் எங்கும் இடைவெளி விடாமல் பொருந்தியதா என்று துளசி விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்குரூக்களைக் கொடுத்தாள். எருமை விழுங்கியதற்குப் பதில் ஒன்று புதுசு.

இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்குத் தென்னை மரங்களிலிருந்து காய்கள் தாமாக உதிர்ந்தன, ஆழியாறு அணையில் தண்ணீர் ஓர் அடி ஏறியது என்றெல்லாம் எழுத ஆசைதான். துளசி கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் அதை மூடவில்லை.

அவள் மகள் பூரணி ஓடி வந்தாள். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். வாய் மட்டும் வக்கீல் படிப்பு முடித்துவிட்டது.

"மாமா, ஒரு ரவுண்டு போய்க் காட்டுங்."

"முதுகு பிடிச்சிருக்குது சாமி."

"போன வருசமும் புடிச்சிருந்துச்சு."

"அது வேற முதுகு."

"உங்களுக்கு பைக்கு ஓட்டத் தெரியாதுங் மாமா. ஒத்துக்குங்."

முப்பது வருடம் பஸ் என் விசிலுக்குத்தான் நின்றது, என் விசிலுக்குத்தான் கிளம்பியது. ஓட்டுவது என்பது எல்லோரும் நினைப்பதை விட விரிவான விஷயம். இதை அந்தப் பெண்ணுக்கு விளக்க நேரமில்லை.

மே 26, திங்கள்

தங்கைக்கு வண்டி கற்றுக்கொடுக்கும் மாபெரும் பணியை இன்று தொடங்கினேன். நார் காயப்போடும் களத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கிளச்சு என்றால் என்ன, கியர் என்றால் என்ன என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இடது கைதான் கிளச்சா வலது கையா என்பதில் எனக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வந்தபோது, துளசி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

களத்தை எட்டு போட்டுச் சுற்றினாள். திரும்பினாள். மறுபடி எட்டு. என் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நிறுத்தினாள்.

"எப்ப அம்மிணி படிச்ச?"

"பூரணி பொறக்கறதுக்கு முன்னாடியேங். இதே களத்துலதான். லைசென்சும் எடுத்துக் குடுத்துட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஓட்டத் தெரியாதுன்னு நான் எப்பங்ணா சொன்னேன்?"

என் சொற்பொழிவு எவ்வளவு விரைவாகப் பலன் கொடுத்திருக்கிறது என்று லோகாம்பாளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

மே 28, புதன்

இன்று காற்று. எங்கள் ஊரில் காற்று என்றால் நார்த்தூசி என்று பொருள். மில்லிலும் ரோட்டிலும் வீட்டிலும் எல்லோரும் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறோம். இங்கே பிறக்கிற குழந்தை முதலில் அழுவதில்லை, துண்டு கேட்கிறது. மாப்பிள்ளை பார்க்க வருகிற பெண் வீட்டார், பையனின் கண்ணை மட்டும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் புதுச் சல்லடையை நினைத்தேன். எவ்வளவு வெள்ளை. அதைத் திங்கட்கிழமையிலிருந்து அந்த மில் ரோட்டுத் தூசிக்குத் தின்னக் கொடுக்கப்போகிறோம். நடுவழியில் அடைத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? மாப்பிள்ளை இருந்தால் வாராவாரம் தட்டுவார். இப்போது யார் தட்டுவது? நாம் எல்லோரும் கட்டிக்கொண்டு, அந்த வாயில்லாத ஜீவனை மட்டும் மூக்கைத் திறந்துபோட்டு ரோட்டில் விடுவது என்ன நியாயம்?

அப்போது எனக்குள் ஒரு விஞ்ஞானி பிறந்தான்.

என்னுடைய கெட்டித் துண்டு, ஈரோட்டில் வாங்கியது. நான்காக மடித்தேன். பெட்டியைத் திறந்து, சல்லடையின் மேல் காற்று வருகிற பக்கமாகப் போர்த்தி, ஓரத்தை நன்றாகத் திணித்து மூடினேன். இனி இஞ்சினுக்குள் தூசி போகவேண்டுமென்றால் என்னிடம் அனுமதி வாங்க வேண்டும்.

துளசியிடம் சொல்லவில்லை. பெரிய கண்டுபிடிப்புகளைக் கொஞ்ச நாள் ரகசியமாக வைத்திருப்பதுதான் வழக்கம்.

மே 30, வெள்ளி

வண்டி கறுப்பாகப் புகைக்கிறது. பெட்ரோலைப் பாயசம் போலக் குடிக்கிறது. களத்தில் போகிறது, மேட்டில் ஏறமாட்டேன் என்கிறது. பெட்ரோல் கலப்படமாக இருக்கும் என்று துளசியிடம் சொன்னேன். ராக்கியப்பன் கண் பட்டிருக்கும் என்று லோகாம்பாளிடம் சொன்னேன். அமாவாசை கழிந்ததால் இருக்கும் என்று பூரணியிடம் சொன்னேன்.

"மூணு பேர்த்துக்கு மூணு காரணமுங்களா மாமா?" என்றாள் பூரணி. சமையலறையில் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். தூசி காரணமல்ல. அதற்கு நான் பொறுப்பு.

மே 31, சனி

சூப்பர்வைசர் போன் செய்தார். திங்கட்கிழமை பாதுகாப்புக்கு ஹோட்டல் பார்சலும் சொல்லியிருக்கிறாராம். "மணிக்கு முன்னாடி எது வருதோ அதைத்தான் குடுப்போம். அதுக்கு மேல வம்பு பண்ணாதீங்க" என்றாராம்.

துளசி அதைக் கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே இருந்தாள். ராக்கியப்பன் வந்து வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"உட்டுரு அம்மிணி. நானிருக்கறேன், உங்கண்ணன் இருக்கறாரு. ரெண்டு ஊட்டுலயும் உனக்கும் புள்ளைக்கும் சோறில்லையா?"

"இருக்குதுங் பெரிய மாமா. நாஞ் சமைச்சா இன்னும் நாலு பேரு சாப்புடுவாங்."

  இரண்டு ஆண்களும் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் அவளுக்கு அந்த மில்லோடு போய்விடாது. பக்கத்து மில்காரர்களும் கேள்விப்படுவார்கள். அடுப்பு அணைந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்ணா" என்று சொல்லிக்கொண்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமை நானும் பின்னால் உட்கார்ந்து போவது என்று முடிவு செய்தேன். ரசத் தூக்கைப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

வண்டியை மூன்று தடவை துடைத்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. துண்டு போட்டு மூடிய பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஜூன் 2, திங்கள்

பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். கேரியரில் சோற்று அண்டா, மறுபக்கம் சாம்பார். வாழை இலைக் கட்டு முன்னால் டேங்க் மேல். நான் பின்னால் ரசத்தோடு. லோகாம்பாள் கற்பூரம் காட்டினாள். வண்டிக்குக் காட்டினாளா, என்னை நினைத்துக் காட்டினாளா தெரியவில்லை.

"போலாம் ரைட்," என்றேன். பழக்கதோஷம்.

சமதளத்தில் சரி. வாய்க்கால் மேடு வந்தது. அது மேடில்லை, இமயமலையின் தம்பி. பாதி ஏறியதும் வண்டி இருமியது, பின்னால் கறுப்புப் புகையாகக் கக்கியது, நின்றுவிட்டது. நான் குதித்து ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். துளசி உதைத்தாள். இழுத்து, அடங்கியது. உதைத்தாள். அடங்கியது.

அப்போது ஹோட்டல் பார்சல் வேன் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் பரிதாபமாகப் பார்த்தான். திமிராகப் பார்த்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். 

துளசி இறங்கினாள். ஸ்டாண்டு போட்டாள். சைலன்சர் பக்கம் கால் படாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு, பக்க மூடியை இழுத்துக் கழற்றினாள்.

"அம்மிணி, அதைத் தொறக்க வேண்டியதில்ல. அது ரொம்பச் சுத்தமா இருக்குது," என்றேன்.

 இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு நாணயம் எடுத்து, ஸ்குரூக்களைத் திருகி, வாயில் கவ்விக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். உள்ளே விட்ட கை, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தது. மந்திரவாதி தொப்பியிலிருந்து வருவது போல என் துண்டு வந்துகொண்டே இருந்தது.

ஸ்குரூக்களை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"இது என்னுங்ணா?"

"துண்டு."

"ஆரு துண்டு?"

"பார்வைக்கு என்னோடது மாதிரிதான் இருக்குது."

"எதுக்கு வெச்சீங்?"

"தூசி போயிரும்னு. நம்ம எல்லாரும் கட்டிக்கறமே, அதான் இதுக்கும்."

"மனுசனுக்கு மூக்குல துண்டக் கட்டுனா வாயில மூச்சு வுடுவான். இதுக்கு வாயி எங்கீங்ணா இருக்குது?"

இது தொடக்கம். அதற்குப் பிறகு அவள் திட்டியதை முழுவதும் எழுத இந்த நோட்டு போதாது. சின்ன வயதில் நான் அவளுடைய ஆட்டுக்குட்டிக்கு மீசை வரைந்ததிலிருந்து ஆரம்பித்தாள். நான் கண்டக்டராக இருந்தபோது அவளை ஸ்டாப்பில் விட்டுவிட்டு விசிலடித்துக் கிளம்பியதைச் சொன்னாள். பத்து மாதமாகச் "சரிங்ணா" என்று சேர்த்து வைத்ததையெல்லாம் வட்டியோடு கொடுத்தாள். கை மட்டும் நிற்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இலைக் கட்டிலிருந்து ஒரு துண்டு இலை கிழித்து அந்தத் துளையின் மேல் வைத்து மூடினாள். சல்லடையை எடுத்து மைல் கல் மேல் மெல்லத் தட்டினாள். பெட்டியில் ஒட்டியிருந்த துண்டு நூல்களை விரலால் வழித்தாள். இலையை எடுத்தாள்.

"எலைய எடுத்துட்டேன். பாத்துக்குங். அப்பறம் நீங்க பாக்கலைன்னு சொல்லப்படாது."

"பார்த்தேன்."

மூடினாள். ஒரே உதை. வண்டி நன்றாக மூச்சுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் மத்தியானம் வீட்டில் படுத்திருந்தால் வாய்க்கால் பக்கமிருந்து கேட்கும்.

"ரெண்டு பேரும் ஏறுனா மேட்டுல இழுக்காது. நீங்க நடந்து வாங்."

"ரசம்?"

ரசத் தூக்கை வாங்கி டேங்க் மேல் வைத்து, என் துண்டாலேயே இழுத்துக் கட்டினாள். அந்தத் துண்டு பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான வேலை. மேட்டை ஏறினாள். மறைந்தாள். நான் ரோட்டில் நின்றேன். கண்ணெல்லாம் நார்த்தூசி. துண்டில்லாமல் போனால் அப்படித்தான்.

பின்னால் ஒரு மொபெட் சத்தம். ராக்கியப்பன்.

"எங்க மச்சா இந்தப் பக்கம்?" என்றேன்.

"எண்ணெய் ஆட்டப் போறேன்."

"செக்கு அந்தப் பக்கமில்ல இருக்குது?"

"ஏறறீங்ளா, நடக்கறீங்ளா?"

ஏறினேன். எங்கள் வீட்டு முக்கிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார் என்பது அவருடைய சட்டையில் படிந்திருந்த கறுப்புப் புகையிலேயே தெரிந்தது.  மேட்டில், "கியரு மாத்தறது அப்படியே எந்தம்பி மாதிரி," என்றார். எனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

நாங்கள் கேட்டைத் தாண்டும்போது பன்னிரண்டரை மணியடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அங்கே நான் கண்ட காட்சியை என்னவென்று எழுதுவேன். பத்தாயிரம் பெண்கள். நார்க் குன்றுகளின் மேலும் கீழும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் ஹோட்டல் பார்சல்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன, ஒன்றையும் பிரிக்கவில்லை. மில் இயந்திரங்கள் மரியாதைக்கு நின்றுவிட்டன. சூரியன் உச்சியில் அசையாமல் காத்திருந்தது. அப்போதுதான் வந்து சேர்ந்த துளசி ஸ்டாண்டு போட்டு அண்டாவை இறக்கினாள். பத்தாயிரம் பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"பார்சல் ஆறிப் போச்சும்மா, சாப்புடுங்கன்னு எத்தன தடவை சொல்றது," என்று சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துப் புலம்பினார். "சோத்து வண்டிச் சத்தம் கேக்குதுங்கறாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல."

ரங்கம்மா என்கிற பெண் சொன்னாள்: "உங்களுக்குக் கேக்காதுங் சார். பத்து மாசம் கேக்காம இருந்து பாருங், அப்பறம் கேக்கும்."

துளசி இலை போட்டாள்.  முதல் இலையில் சோறு வெளியே விழுந்தது. இரண்டாவது இலையில் சரியாக விழுந்தது. சூப்பர்வைசர், "நாளைக்குப் பார்சல் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா மணிக்கு முன்னாடி வரணும்," என்றார். பிறகு மெல்ல, அவருக்கும் ஒரு இலை என்றார்.

ராக்கியப்பன் கடைசி வரிசையில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எண்ணெய் ஆட்டப் போகவேண்டிய மனிதர்.

"ரசம் இருக்குதா அம்மிணி?" என்றார்.

ஜூன் 5, வியாழன்

மூன்று நாளாக மணிக்கு முன்னால் போய்ச் சேருகிறாள். நான் போவதில்லை. என் எடை அண்டாவுக்குப் போட்டியாம். பெட்டியைத் திறக்க எனக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. 

டீக்கடையில் கதையைச் சொன்னேன். வாய்க்கால் மேட்டில் வண்டி பறந்ததையும், அண்டா காற்றிலேயே நின்றதையும், பத்தாயிரம் பெண்கள் எழுந்து நின்றதையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அந்த மில்லில் மொத்தமே இருபது பேருக்கு மேல் இல்லை என்றார் டீக்கடைக்காரர். அவருடைய சம்சாரம் அங்கேதான் வேலை செய்கிறாள்.

சரி. பத்தாயிரம் பேர் இல்லை. இருபது பேர் கூட இல்லை, இரண்டு பேர் அன்றைக்கு லீவு. சூரியன் நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரங்கள் நின்றது சாப்பாட்டு மணி அடித்ததால். எலி மந்திரி என்னோடு பேசவில்லை. எருமை ஸ்குரூவை விழுங்கவில்லை, தொட்டியின் அடியில் கிடந்து நேற்றுதான் அகப்பட்டது. பார்சலை ஒருவரும் பிரிக்கவில்லை என்றதிலும் கொஞ்சம் பொய். ஒரு பெண் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

ஆனால் ஒன்று. அந்த மில்லில் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவினால், அதற்கப்புறம் அந்தக் கையால் எதையும் தொட முடியாது. சேலையைத் தொட்டாலும் தரையைத் தொட்டாலும் தூசி ஒட்டிக்கொள்ளும், மறுபடி குழாய்க்குப் போகவேண்டும். நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது அந்தப் பெண்கள் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய வலது கையும் எதிலும் படாமல், முழங்கையை முட்டியில் ஊன்றி, தூக்கிப் பிடித்தபடி இருந்தது. மணியடித்ததும் கழுவிய கைகள். ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. யாரும் இறக்கவில்லை.

அது மட்டும் நிஜம்.